மலையைத் திட்டாத லாபீஸ்

ரோலான் பார்த்தை நம்மில் பலருக்கு 'ஆசிரியனின் மரணம்' வழியாகத்தான் தெரியும். அவர் சைக்கிள் பந்தயம் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1957இல் வெளிவந்த 'மிதாலஜீஸ்' நூலில், டூர் டி பிரான்ஸை ஒரு காவியமாக வாசிக்கும் கட்டுரை ஒன்று உண்டு. 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அது விடுபட்டுப்போனது. 1979இல் வேறொரு தொகுப்பில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. விளையாட்டைப் பற்றி நான் படித்தவற்றில் ஆகச் சிறந்த கட்டுரைகளில் ஒன்று. ஆனால் அதில் ஓர் இடம் மட்டும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

பார்த் சொல்வது இதுதான். இந்தப் பந்தயத்தின் நிலவியல் ஹோமருடையது. வீரர்களின் பெயர்களே காவியப் பாத்திரங்களின் பெயர்கள்போல ஒலிக்கின்றன. மலைகள் வெறும் மண்மேடுகள் அல்ல, அவற்றுக்குக் குணம் இருக்கிறது, வீரனோடு மோதும் ஆளுமை இருக்கிறது. நிலத்தை முதற்பொருளாக வைத்துக் கவிதை படித்துப் பழகிய நமக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பாலை என்றதும் வெயிலும் வழியும் பிரிவும் சேர்ந்தே வருகிற மொழி நம்முடையது. ஆனால் பார்த் ஒரு படி மேலே போகிறார். தெற்குப் பிரான்ஸில் 1,900 மீட்டருக்கு மேல் மரமற்று வெளுத்து நிற்கும் மோன் வான்தூ மலையை, பலி கேட்கும் தீய தெய்வமாக வர்ணிக்கிறார்.

புத்தகம் வந்த பத்தாவது ஆண்டு, 1967 ஜூலை 13 அன்று, அந்த மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே டாம் சிம்சன் என்ற பிரிட்டிஷ் வீரர் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார். வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் இருந்தன. கொளுத்தும் வெயில். வீரர்கள் குடிக்கப் பெறும் தண்ணீருக்குக்கூட விதி வரம்பு வைத்திருந்த காலம் அது. 'ஆசிரியனின் மரணம்' முதலில் அச்சானதும் அதே 1967இல்தான். இது தற்செயல்தான், இதிலிருந்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்க இது உதவுகிறது: மலை பலி கேட்டது என்றால், அந்த மலைமேல் பாதையைக் கொண்டுபோனது யார்?

பதிலைத் தேட 1910க்குப் போக வேண்டும். டூர் டி பிரான்ஸை 1903இல் தொடங்கியது 'லோட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ். போட்டிப் பத்திரிகையை முந்தி விற்பனையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ். பந்தயத்தைப் பிரனீஸ் மலைகளுக்குக் கொண்டுபோகலாம் என்று அவரிடம் வற்புறுத்தியவர் அவருடைய ஊழியர் அல்போன்ஸ் ஸ்டெய்னெஸ். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைப் பார்த்துவரப் போன ஸ்டெய்னெஸ் இரவில் பனியில் சிக்கி, பெரும்பாடு பட்டு இறங்கினார். இறங்கியதும், சாலை தாராளமாகப் போகலாம் என்று தந்தி அடித்தார் என்பது பந்தய ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

அந்தக் கோடையில் லூஷோனிலிருந்து பயோன் வரை ஒரே நாளில் 326 கிலோமீட்டர். இடையில் பெரசூர்த், ஆஸ்பேன், தூர்மலே, ஒபிஸ்க் கணவாய்கள். கியர் மாற்றும் வசதியில்லாத கனத்த சைக்கிள், கல்லும் சேறுமான தடம். அன்று வென்ற ஒக்தாவ் லாபீஸுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவர்தான் அந்த ஆண்டின் ஒட்டுமொத்த வெற்றியாளரும். வழியில் நின்றிருந்த பந்தய அதிகாரிகளைப் பார்த்து அவர் கொலைகாரர்கள் என்று திட்டினார். சைக்கிள் வரலாற்றின் மிகப் பிரபலமான வசவு இது. இதை எல்லோரும் மலையின் கொடுமைக்குச் சாட்சியாகத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். கொஞ்சம் கவனித்துப் படித்தால், லாபீஸ் மலையைத் திட்டவே இல்லை. பாதையைப் போட்டவர்களைத்தான் திட்டினார்.

என் வாசிப்பில், அந்தப் பந்தயத்தின் முதல் நல்ல விமர்சகர் லாபீஸ்தான். மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறிய ஒரு மனிதர், பிரதிக்கு ஆசிரியர் உண்டு என்பதைக் கண்டுகொண்டார்.

மூன்றாண்டு கழித்து இன்னொன்று. 1913இல் தூர்மலே இறக்கத்தில் யூஜின் கிறிஸ்தோஃபின் சைக்கிள் ஃபோர்க் உடைந்தது. பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிளைச் சுமந்து நடந்து, அடிவாரக் கிராமத்தின் கொல்லுப்பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டவைத்தார். வெளி உதவி கூடாது என்பது விதி. துருத்தியை ஒரு சிறுவன் இயக்கினான் என்று சொல்லி அதற்கும் தண்டனை நேரம் போட்டார்கள். இந்தக் கதையைக் காவியமாகச் சொல்லும்போது மலையும் வீரனும்தான் மிஞ்சுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி மங்கிப்போகிறார்.

இங்கேதான் பார்த்மீது எனக்கு வருத்தம். வரலாற்றில் மனிதர்கள் செய்த ஒன்றை இயற்கையாகக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று அதே நூலில் நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இந்தக் கட்டுரையின் முடிவிலும் பந்தயத்தின் பின்னுள்ள பொருளாதார நோக்கங்களைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார். ஆனால் வான்தூவைத் தெய்வமாக்கும் வேகத்தில், தான் கொடுத்த கத்தியைத் தானே உறையில் போட்டுவிடுகிறார்.

நான் வேலை பார்க்கும் துறையில் இந்த மொழி தினசரிப் புழக்கம். "சிஸ்டம் அப்படித்தான் சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்பார்கள். சிஸ்டம் தானாக முளைக்கவில்லை, யாரோ ஒருவர் ஒரு மதியம் உட்கார்ந்து எழுதிய நிபந்தனை அது. கொஞ்ச நாள் போனால் எழுதியவர் மறைந்துவிடுவார், நிபந்தனை மட்டும் மலைபோல நிற்கும். சாய்வு எட்டு சதவீதம் என்பது மலையின் குணம். நாலு கணவாய் கடந்து களைத்த பிறகு அதில் ஏற வேண்டும் என்பது ஒருவரின் முடிவு.

இதே வான்தூவில் 2016இல் நடந்ததைப் பாருங்கள். உச்சியில் பலத்த காற்று என்பதால் முடிவுக்கோட்டை ஆறு கிலோமீட்டர் கீழே இறக்கினார்கள். நியாயமான முடிவு. ஆனால் மலை முழுக்கப் பரவியிருக்க வேண்டிய கூட்டம் கீழே நெருக்கியடித்தது, தடுப்புவேலி எல்லா இடத்திலும் இல்லை. கூட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றுபோக, பின்னால் வந்த வீரர்கள் அதில் மோதினார்கள். மஞ்சள் ஜெர்சியோடு இருந்த கிறிஸ் ஃபுரூம் சைக்கிள் இல்லாமல் மலைமேல் ஓடினார். பிறகு நடுவர்கள் நேரத்தைத் திருத்தி மஞ்சள் ஜெர்சியை அவரிடமே விட்டார்கள். காற்று இயற்கை. மற்றதெல்லாம் ஏற்பாடு.

2019இல் ஆல்ப்ஸில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூடியபோது, பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, 2,770 மீட்டர் உயர இஸரான் கணவாயில் பதிவான நேரங்களையே எடுத்துக்கொண்டார்கள். எகன் பெர்னாலுக்கு மஞ்சள் ஜெர்சி போனது. பல ரசிகர்களுக்குப் பெரிய ஏமாற்றம். எனக்கு என்னவோ அன்றுதான் நிம்மதியாக இருந்தது. எழுதியதை அடிக்க முடியும் என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆபத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் மலைக்கட்டங்களில் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. வீரர்கள் தெரிந்தேதான் ஏறுகிறார்கள். வேலை முடிந்த ஜூலை இரவுகளில் நானும் அந்த ஏற்றங்களுக்காகத்தான் திரைமுன் உட்காருகிறேன், சமவெளிக் கட்டங்களுக்காக அல்ல. கடினமான பிரதி எழுதக்கூடாது என்று எந்த வாசகனும் சொல்லமாட்டான். ஆனால் இந்தப் பிரதியை வாசிப்பது நாம், அதற்குள் உடலோடு போவது வேறொருவர். அதனால்தான் இதன் ஆசிரியரை நாம் சாகவிடக் கூடாது.

ஒவ்வோர் அக்டோபரிலும் பாரீஸில் பெரிய அரங்கில் அடுத்த ஆண்டுப் பாதையை வெளியிடுகிறார்கள். திரையில் வரைபடம் விரிகிறது, கணவாய்களின் பெயர்கள் வருகின்றன. தொடக்கமும் முடிவும் தங்கள் ஊரில் அமைய ஊர்கள் பணம் கட்டியிருக்கும். மறுநாள் எழுதுபவர்கள் எந்த மலை எத்தனை கொடூரம் என்று தரவரிசை போடுவார்கள். நல்ல விமர்சனம் இன்னும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்த இறக்கத்தின் அடியில் முடிவுக்கோடு ஏன்? இந்த வளைவுக்கு முன்னால் வேலி உண்டா? இந்தக் கோட்டைப் போட்டவர் பெயர் என்ன?

லாபீஸ் முதல் உலகப்போரில் விமானியாகப் போய் 1917இல் வான்சண்டையில் இறந்தார். தூர்மலே உச்சியில் இன்று, நின்று மிதிக்கும் ஒரு வீரனின் சிலை லாபீஸின் நினைவாக நிற்கிறது. அவரைக் காவியமாக்கிவிட்டோம். அவர் திட்டியது யாரை என்பதைத்தான் மறந்துவிட்டோம்.