லூஸ், லூசு

ஆம்பூர் டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வழவழப்பான மேல்புறம் உள்ளே வருகிற மாதிரி மடித்து, சுருக்கத்தைப் பார்ப்பார்கள். பொடிப்பொடியாகச் சுருங்கினால் நல்ல சரக்கு. பால் ஆடை மாதிரிப் பட்டையாகச் சுருங்கினால், 'கிரெய்ன் லூஸ்'. மேல் அடுக்கு அடியிலிருக்கும் நாரோடு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சுண்ணாம்பில் கூடுதலாக ஊறியிருக்கலாம். உப்புக் கட்டத் தாமதமாகிப் பச்சைத் தோலே கெட்டிருக்கலாம். வயிற்றுப் பக்கம் எப்படியும் கொஞ்சம் லூஸ்தான், அங்கே நார் நெருக்கம் குறைவு. அதை ஷூவின் முன்பக்கத்தில் வைக்க மாட்டார்கள். கண்ணில் படாத இடத்துக்கு வெட்டிக்கொள்வார்கள்.

எந்த இடத்தில், எதனால், இனி எதற்கு ஆகும்... மூன்றுக்கும் பதில் இருக்கிறது அந்த 'லூஸி'ல்.

மற்ற இடங்களிலும் பாவம், அது சாதுவான வார்த்தைதான். சட்டை லூஸ். கடையில் எண்ணெய் லூஸில் கிடைக்கும். வயிற்றுக்கு லூஸ் மோஷன். வம்பு வந்தால் 'லூஸ்ல விடு மச்சி'. நான் படித்த பி.காமில் 'லூஸ் டூல்ஸ்' என்று ஓர் அயிட்டம் உண்டு. சுத்தி, ஸ்பேனர் வகையறா. பேலன்ஸ் ஷீட்டில் அது சொத்துப் பக்கம்!

கடைசியில் ஓர் 'உ' சேர்ந்ததும்தான் வினை. 'லூசு' என்றால் முழு ஆளும் அவுட். 'மறை கழண்டவன்' என்று நாம் முன்பே சொன்னவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதில் கழண்டது ஒரு மறை. திருப்பி முடுக்கிவிடலாம். லூசில் முடுக்க என்ன இருக்கிறது?

சினிமா அதைச் செல்லப் பெயராக்கியது. 2006-ல் 'வல்லவன்' படத்தில் 'லூசுப் பெண்ணே' என்று ஒரு பாட்டே வந்தது. 2008-ல் 'சந்தோஷ் சுப்பிரமணியம்' ஜெனிலியாவுக்குப் பிறகு, விவரம் புரியாமல் துள்ளுகிற கதாநாயகிகளை எண்ணி மாளவில்லை. காதலிக்கப்பட வேண்டுமென்றால் பெண்ணுக்குப் புத்தி கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் நமக்கு என்ன சொன்னார்கள்? கைதட்டியவர்களில் அடியேனும் ஒருவன். 'க்யூட்டான லூசு' என்று விமர்சனமே எழுதியிருக்கிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்படி ஒரு பெண் வாரக்கணக்காகத் தூங்காமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கூட வேலை செய்தவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்களாம், 'ஏய் லூசு' என்று. அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து இருக்கிறது. நோயாளியோடு வீட்டு மனுஷர் ஒருவரும் கூடவே தங்கியிருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பயப்படாமல் கூட்டிப் போங்கள், நீங்களும் கூட இருக்கலாம் என்றேன் அவள் அம்மாவிடம்.

"அங்க போயிட்டு வந்தா எம் பொண்ண லூசுன்னு சொல்ல மாட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டாங்கம்மா" என்று வாய் வரை வந்தது. என் பழைய விமர்சனம் ஞாபகம் வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.