நான்கு பாணிகளும் ஓர் உரைகல்லும்

கட்டற்ற மென்பொருள் என்று பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ காசு கிடையாதா?" என்பதுதான். கேட்பவர் மேல் குற்றமில்லை. இந்த இயக்கம் பிறந்த ஆங்கிலத்திலேயே 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விடுதலைக்கும் இலவசத்துக்கும் சேர்த்து உழைக்கிறது. அந்த மொழிக்காரர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

நம்மிடம் இருக்கும் குழப்பம் வேறு. கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் இரண்டையும் நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். இரண்டு பெயரும் பெரும்பாலும் ஒரே நிரல்களைத்தான் சுட்டும். ஆனால் ஒரே கீர்த்தனையைப் பாடுகிறார்கள் என்பதற்காக இரண்டு வித்வான்கள் ஒரே பாணிக்காரர்கள் ஆகிவிடமாட்டார்கள். இந்த மரபில் என் கணக்குக்கு நான்கு பாணிகள் உண்டு. பிறந்த ஊர்களின் பெயராலேயே அவற்றைச் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜ் பாணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் எம்ஐடி இருக்கிறது. அதன் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனருக்குத் தகவல் போகும்படி பழைய அச்சுப்பொறியின் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படியே செய்யப் பார்த்தபோது மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர், வெளியே தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். தாள் சிக்கியது சின்ன விஷயம். பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவ முடியாதபடி ஒருவர் கையெழுத்துப் போடலாம் என்பதுதான் ஸ்டால்மனை உறுத்தியது.

1983 செப்டம்பர் 27 அன்று முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் எம்ஐடி வேலையை விட்டார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவானது. எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்கலாம், படித்துத் திருத்தலாம், பிறருக்குப் படியெடுத்துத் தரலாம், திருத்தியதையும் பகிரலாம் என்று நான்கு சுதந்திரங்கள். நிரலாளர் வழக்கப்படி அவற்றைச் சுழியத்திலிருந்து எண்ணுவார்கள். 1989-இல் வந்த ஜிபிஎல் உரிமம் இந்த நான்கும் பறிபோகாதபடி பூட்டு போட்டது. நிரலைத் திருத்தி வெளியிடுகிறவர், திருத்தியதையும் இதே உரிமத்தில்தான் தரவேண்டும் என்பது அதன் சாரம்.

பூட்டு வேலை செய்ததா என்றால், செய்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் குனு திட்டத்தின் ஜிசிசி தொகுப்பியின் மேல் அப்ஜெக்டிவ்-சி மொழிக்கான பகுதியைக் கட்டிவிட்டு, அதை மட்டும் மூடிவைக்கப் பார்த்தது. உரிமம் விடவில்லை, திறக்க வேண்டியதாயிற்று. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரூட்டருக்குள் ஜிபிஎல் உரிமத்திலுள்ள லினக்ஸ் இருப்பது தெரியவந்தபோது, நெருக்குதலுக்குப் பிறகு 2003-இல் அதன் மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரூட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி.

குறையும் சொல்லியாக வேண்டும். கொள்கையில் கறாரானவர்கள் கட்டடத்தை முடிப்பதில் மெத்தனம் காட்டினார்கள். குனுவின் கெர்னலாக, அதாவது இயங்குதளத்தின் கருவாக, 1990-இல் தொடங்கிய ஹர்ட், அன்றாடப் புழக்கத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெர்க்லி பாணி

இது வயதில் மூத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1978-இல் பில் ஜாய் யூனிக்ஸுக்கான துணை நிரல்களை நாடாவில் பதித்து அனுப்பத் தொடங்கினார். பிஎஸ்டி என்று பெயர்பெற்ற அந்த வழங்கலின் 1983 பதிப்பான 4.2பிஎஸ்டி, இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறைகளோடு வெளிவந்தது. இந்தப் பாணியின் உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். எங்கள் பெயரை எடுத்துவிடாதே, ஏதாவது கெட்டுப்போனால் எங்களைக் கேட்காதே. மற்றபடி திறந்து வைப்பாயோ மூடி வைப்பாயோ, உன் விருப்பம்.

கர்ணன் கொடைதான். ஆப்பிளின் இயங்குதளத்துக்குள் பிஎஸ்டி நிரல் இருக்கிறது. ப்ளேஸ்டேஷன் 4-இன் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது. ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் 1999-இல் தந்த, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் இல்லாமல் இன்று சர்வர் நிர்வாகம் செய்கிறவரைக் காண்பது அரிது.

கொடுத்தவர் நிலை என்ன என்பதற்கு மினிக்ஸ் கதை போதும். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ், பின்னாளில் பிஎஸ்டி வகை உரிமத்துக்கு மாறியது. இன்டெல் அதை எடுத்துத் தன் சில்லுகளின் மேலாண்மைப் பகுதிக்குள் வைத்தது. அத்தனை கணினிகளில் தன் இயங்குதளம் ஓடுகிறது என்பதை எழுதியவரே வெளிச்செய்தியாகத்தான் அறிந்தார். 2017-இல் இன்டெலுக்கு அவர் எழுதிய திறந்த மடலில், முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்று மெல்லக் குறைப்பட்டுக்கொண்டார். உரிமம் கேட்காத நன்றியை எந்த நிறுவனமும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

ஹெல்சிங்கி பாணி

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்குக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும் அது குனு அளவுக்குப் பெரிதாக இராது என்றும் அறிவித்தார். அவருக்கு அப்போது 21 வயது. 1992-இல் லினக்ஸ் ஜிபிஎல்லுக்குள் வந்தது. உரிமம் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தாலும் மனப்பாங்கு வேறு. இந்தப் பாணியில் தத்துவப் பேச்சுக்கு இடம் குறைவு. அனுப்பிய திருத்தம் சரியாக ஓடுகிறதா என்பதே கேள்வி. மூலநிரலை நிர்வகிக்கப் பயன்படுத்திய பிட்கீப்பரின் கட்டணமில்லாப் பயன்பாடு 2005-இல் நின்றுபோனபோது, டோர்வால்ட்ஸ் புலம்பிக்கொண்டிருக்காமல் அதற்கு மாற்றாகக் கிட்டை எழுதினார். இன்று உலகின் நிரலாளர்களில் பெரும்பாலோர் புழங்குவது அதைத்தான்.

2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. நிரலைத் தந்துவிட்டு, திருத்திய நிரல் ஓடாதபடி கருவியைப் பூட்டிவைக்கும் தந்திரத்தை அது தடுத்தது. டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் லினக்ஸை மாற்றுவது எளிதாக இருந்திருக்காது. ஒவ்வொரு பங்களிப்பாளரும் தான் எழுதிய வரிகளுக்குத் தானே உரிமையாளர். ஆயிரக்கணக்கானோரைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரைகல் இங்கேதான் கிடக்கிறது.

பாலோ ஆல்டோ பாணி

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூலநிரலைத் திறக்கப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி 3 அன்று பாலோ ஆல்டோவில் கூடிய சிலரில் கிறிஸ்டீன் பீட்டர்சன் முன்வைத்த பெயர்தான் 'ஓப்பன் சோர்ஸ்', அதாவது திறமூலம். விடுதலை என்ற சொல்லைக் கேட்டால் நிறுவன மேலாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். தரம், வேகம், செலவுக் குறைவு என்று பேசினால் கேட்கிறார்கள். எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும் அந்த மாதமே திறமூல முனைப்பு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

விற்பனை உத்தி என்ற அளவில் இதற்கு நிகரில்லை. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை 2019-இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆனால் எதற்காக இதையெல்லாம் தொடங்கினோம் என்ற கேள்வி இந்தப் பாணியில் மெல்ல நழுவிப்போயிற்று. அச்சுப்பொறி அருகே நின்ற மனிதரின் உறுத்தல், ஆண்டறிக்கையில் ஏறாது.

எழுதப்பட்ட இலக்கணம்

நான்கு பாணிக்கும் இலக்கணம் வகுத்துக் கொடுத்தது எந்த நிறுவனமும் அல்ல. டெபியன் என்ற தன்னார்வலர் கூட்டம். இயன் மர்டாக் 1993-இல் தொடங்கிய இந்த லினக்ஸ் வழங்கல், 1997-இல் ஒரு சமூக ஒப்பந்தத்தையும் கட்டற்ற மென்பொருளுக்கான வழிகாட்டு விதிகளையும் ஏற்றது. திறமூல முனைப்பின் பத்து விதிகளுக்கும் அடிப்படை அவையே. ஆளைப் பார்த்துத் தராதே, தொழிலைப் பார்த்துத் தடுக்காதே என்பவை அவற்றில் முக்கியமானவை. மெட்டா நிறுவனத்தின் லாமா மொழி மாதிரியை இந்த இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் உள்ள நிறுவனம் தனி அனுமதி வாங்கவேண்டும் என்கிறது அதன் உரிமம். பயிற்சித் தரவும் வெளியே வரவில்லை. அதைத் திறமூலம் என்று அழைப்பது, தாழ்வாரத்தைத் திறந்துவிட்டு வீட்டையே திறந்ததாகச் சொல்வது போன்றது.

உரைகல்

எழுதிய இலக்கணம் தேவைதான், போதாது. 2018-இல் மோங்கோடிபி, 2021-இல் எலாஸ்டிக், 2023-இல் ஹாஷிகார்ப், 2024-இல் ரெடிஸ் ஆகிய நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைக் கட்டற்ற உரிமத்திலிருந்து வெளியே எடுத்தன. முந்தைய நாள் வரை நான்குமே பத்து விதிகளிலும் தேறியவை. பெரிய கிளவுட் நிறுவனங்கள் தங்கள் நிரலை வாடகைக்கு விட்டு லாபம் பார்க்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் உரிமத்தை ஒரே நாளில் மாற்ற அவர்களால் எப்படி முடிந்தது?

இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பங்களிப்பாளர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே ஒப்பந்தம் வாங்கி, உரிமம் மாற்றும் அதிகாரத்தை ஒரு கையில் குவித்துக்கொள்வது. மற்றது, ரெடிஸ்போல, பெர்க்லி பாணியின் தளர்ந்த உரிமம். அங்கே யாரும் மூடலாம். லினக்ஸில் இந்த இரண்டு வாசலும் அடைபட்டிருக்கின்றன. பயனர்களுக்கு மிஞ்சியது கிளை பிரிந்து போகும் உரிமை. எலாஸ்டிக்கிலிருந்து ஓப்பன்சர்ச், ஹாஷிகார்ப்பின் டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வால்கீ என்று கிளைகள் பிறந்தன. பிறகு எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு பாதி வழி திரும்பி வந்தன. பிரிந்து போக முடியும் என்ற அச்சம்தான் அவர்களைத் திருப்பியது என்பது என் கணிப்பு.

ஆகவே ஒரு மென்பொருளைப் பார்த்ததும் நான் கேட்பது: எத்தனை கைகள்? முதலில் உரிமை எத்தனை கையில் என்று பார்க்கிறேன். அடுத்து, உழைப்பு எத்தனை கையில்.

இரண்டாவது கேள்வியை மறந்ததற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பேணிவந்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல், பேணியவர் ஒருவர், களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டாண்டுக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, கடைசியில் திருட்டு வாசல் ஒன்றைப் பொருத்திவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஆனால் திறந்த வீட்டில் காவலுக்கு ஒருவர்தான் இருந்தார் என்பதும் உண்மை.

நம் பக்கத்துக் கைகள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கை நிரலாளர்கள் ஒன்றுகூடி, காணாமல் போனவர்களையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது உதவியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006-ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. பேரிடர் கற்றுக்கொடுத்த பாடம் அது: அவசரத்தில் உரிமம் கேட்டு வரிசையில் நிற்க முடியாது.

தமிழ்நாட்டில், இந்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே மாணவர் கைக்கு வந்தது. வந்ததைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எத்தனை பள்ளிகள் சொல்லிக்கொடுத்தன? விலையில்லாததைக் கொடுத்தோம், கட்டற்றதைக் கற்றுக்கொடுக்கவில்லை. வேலைக்குப் போன பிறகும் தடை தீரவில்லை. நம் ஊர் வேலை ஒப்பந்தங்கள் பலவற்றில், ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறது. கட்டற்ற நிரல்களை அடித்தளமாக வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனம், தன் ஊழியர் அதே நிரலில் ஒரு பிழை திருத்துவதைத் தடுப்பது எந்தப் பாணியிலும் அடங்காது.

எந்தப் பாணி உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், உரிமத்துக்குக் கேம்பிரிட்ஜ், உழைப்பைப் பகிர்வதற்கு ஹெல்சிங்கி, விதிமுறைக்கு டெபியன் என்பேன். அதைவிட முக்கியமான வேலை ஒன்று வாசகருக்கு இருக்கிறது. நீங்கள் அன்றாடம் நம்பியிருக்கும் ஒரு நிரலை எடுத்து, அதைப் பேணுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர்தான் என்றால், ஒரு பிழையறிக்கையோ ஒரு மொழிபெயர்ப்போ கையில் எடுத்துக்கொண்டு இரண்டாமவராகப் போய்ச் சேருங்கள்.