ஏட்டில் எஞ்சிய குரல்

மைதிலி சிவராமன் தம் பாட்டியார் சுப்புலட்சுமியின் (1897–1978) நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை நூல் 2006-இல் வெளிவந்தது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

சுப்புலட்சுமிக்கு 11 வயதில் மணம். 14 வயதில் தாய்மை. 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணுக்கு விதித்த மணவயதே 14 என்பதை நினைவிற்கொள்க. அச்சிறுமியின் உள்ளத்தை நேரே அறிய விழையும் நாம் ஏமாற்றமடைகிறோம். எஞ்சியவை, தாயான பின்னர் எழுதிய குறிப்புகளே. தமக்கு மறுக்கப்பட்ட கல்வியை மகளுக்கு அளிக்க அவர் பாடுபட்டமையே அச்சிறுமியின் ஏக்கத்தை நமக்கு உணர்த்துகிறது.

கிடைத்த துணுக்குகளைத் துணுக்குகள் என்றே தலைப்பில் ஒப்புக்கொண்டமை நூலின் நேர்மை. எனினும், மாதர் இயக்கத் தலைவரான பேர்த்தியின் கருத்து எது, பாட்டியின் சொல் எது என வாசகர் பகுத்தறிதல் வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் ஊழியம் செய்யும் நாம் பழைய சபைப் பதிவேடுகளைப் புரட்டினால், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்றிடங்களில் ஒரு பெண்ணின் பெயரைக் காணலாம். அவள் சொல்லைக் காண இயலாது. ஆதலின் வீடுகளைச் சந்திக்கையில், பெட்டியடியில் கிடக்கும் பழைய நோட்டுகளையும் கடிதங்களையும் கேட்டறிவோமாக. கரையான் நமக்கு முந்திவிடலாகாது.