கால் மணி நேரத்தில் ஒரு குணம்

வளாகத் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்குப் பல நிறுவனங்கள் குழு விவாதம் வைக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேரை அரைவட்டமாக உட்காரவைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். கால் மணி நேரம். ஓரமாக அமர்ந்திருக்கும் ஹெச்.ஆர். கையிலுள்ள தாளில் தலைமைப் பண்பு, பேச்சுத் திறன், குழு மனப்பான்மை என்று கட்டங்கள்.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அடுத்தவர் பேச்சை வெட்டுபவர், மறுத்துச் சொன்னால் முகம் சுருங்குபவர், வாய் திறக்காதவரைப் பேசவைப்பவர் என்று மதிப்பெண் பட்டியல் காட்டாத சிலது இங்கே தெரியத்தான் செய்கிறது. செலவும் குறைவு.

ஆனால் பயிற்சி வகுப்புகள் இதற்கும் நோட்ஸ் போட்டுவிட்டன. முதலில் ஆரம்பிப்பவருக்குத் தனி மார்க் என்பார்கள். எல்லோரும் முதலில் ஆரம்பிக்கப் பாய்ந்தால் அறை ‘ஃபிஷ் மார்க்கெட்’ ஆகும். அப்போது ‘ஐ வுட் லைக் டு ஆட் எ பாயின்ட்’ என்று நுழைய வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. கடைசியில் தாளில் ஏறுவது பெரும்பாலும் ஆங்கிலச் சரளம். தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பெண் விடுதி மெஸ் தகராறை இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும்படி தீர்த்துவைத்திருக்கலாம். அதற்குக் கட்டம் கிடையாது.

பிள்ளைகளை நெடுநாள் பார்க்கும் ஆசிரியரிடமே விட்டால்? சிபிஎஸ்இ 2009இல் கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறை அதைத்தான் செய்தது. பரிவு, சுய அறிதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் எல்லாவற்றுக்கும் கிரேடு. யோசனை நல்லதுதான். நாற்பது பேரின் பரிவுக்கும் ஒரே மாலையில் கிரேடு எழுத உட்காரும் ஆசிரியரின் கண் கணக்கு மார்க்கின் பக்கம் போகாது என்று யார் சொல்வது? 2017இல் அந்த முறையே போய்விட்டது.

மாணவரையே கேட்பது இன்னும் வழுக்கல். பாஸ்டன் பள்ளிகளில் மார்ட்டின் வெஸ்ட் குழுவினர் செய்து 2016இல் வெளியான ஆய்வில், தேர்வு மதிப்பெண் நன்றாக உயர்ந்துகொண்டிருந்த, அரசு நிதியில் தனித்து இயங்கும் சார்ட்டர் பள்ளிகளின் மாணவர்கள் தங்கள் சுயகட்டுப்பாட்டுக்கும் விடாமுயற்சிக்கும் மற்றவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். கண்டிப்பான பள்ளியில் அளவுகோலே உயர்ந்துவிடுகிறது என்பதுதான் பொருந்தும் விளக்கம்.

பல நாட்டு மாணவர்கள் எழுதும் பீசா தேர்வு, சேர்ந்து வேலை செய்யும் திறனை அளக்க 2015இல் கணினியையே குழுத்தோழனாக்கி, எல்லோருக்கும் ஒரே மாதிரித் தோழனைத் தந்தது. நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தோழன் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருக்க மாட்டான்.

என் கணக்கில் பார்க்க வேண்டிய இடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட். நான்கு பேர், ஒரு பருவம், ஒரே மதிப்பெண். வைவாவில் நால்வரையும் தனித்தனியே அழைத்து, எதில் முட்டிக்கொண்டீர்கள், யார் இறங்கி வந்தார், ஏன் என்று தமிழிலேயே கேட்கலாம். நான்கு கதைகளையும் ஒப்பிட்டால் போதும். ப்ராஜெக்டையே கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். கல்லூரிகள் இதற்குத் தயங்கப்போவதும் அதனால்தான்.