நீளும் ரீங்காரம்

டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 2004இல் உருவான ராக் குழு ‘தி பிளாக் ஏஞ்சல்ஸ்’ தன் பெயரையே வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடலொன்றிலிருந்து எடுத்தது. அதே ஊரில் உருவாகி 1966இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ இவர்களின் இன்னொரு முன்னோடி. அக்குழுவின் பாடகர் ராக்கி எரிக்சனுக்கு 2008இல் இவர்களே பக்கவாத்தியம் வாசித்தார்கள். பட்ட கடனை மறைக்காத இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஃபஸ் பெடலில் கரகரக்கும் கிட்டார், அடியில் அறுபடாத ரீங்காரம், அவசரப்படாத டிரம்ஸ். இவர்களைப் போன்ற குழுக்களுக்கும் பாலைவன ராக்குக்கும் பொதுவான மொத்தச் சொத்து இவ்வளவுதான். கலிபோர்னியாவின் பாம் டெசர்ட்டில் கயஸ் குழுவினர் நம்மூர் நோம்பிபோல் ஜெனரேட்டர் வைத்து வெட்டவெளியில் வாசித்தார்கள். கிட்டாரின் சுருதியை வெகுவாகத் தாழ்த்தி, பேஸ் ஆம்ப் வழியாக ஒலிக்கவிட்டார்கள். நிலத்தின் வெறுமை அந்த ஒலியில் உண்மையாகவே இருக்கிறது.

ஆனால் ஒரே நடை நெடுநேரம் ஒலிப்பது கொங்குக் காதுக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டின் வீரகதையான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவார்கள். காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதை ஒலிநாடாவில் பதிந்தது 1965இல். பீட்டில்ஸ் பாட்டுக்குள் சிதார் நுழைந்ததும் அதே ஆண்டுதான். உடுக்கைக்காரர் பாட்டிலிருந்து பேச்சுக்கு இறங்குவார், மீண்டும் பாட்டுக்கு ஏறுவார். கதை முறுக முறுக அடியும் முறுகும். கதையின் போர்க்களச் சடங்கான படுகளத்தில் வீரர்களாக நிற்பவர்கள் மயங்கி விழுவார்கள். கதை வீரர்களின் தங்கையான தங்காள் வந்து அவர்களை எழுப்புவாள். அங்கே அந்த நீளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஃபஸ் ஒலியைக் கையாளும் இன்றைய பல ராக் குழுக்களின் பாட்டு எதற்காக நீள்கிறது என்று பாட்டுக்கே தெரிவதில்லை. அறுபதுகளின் பெடலும் எதிரொலியும் வந்துவிட்டன. அந்தப் பத்தாண்டின் போர்ச் சினமும், பாதியில் உடைந்தாலும் பரவாயில்லை என்ற துணிச்சலும் வரவில்லை. மெல்லிய புகைமூட்டம் போட்டுவிட்டால் மயக்கம் தானாக வருமென்று நம்புகிறார்கள்.

பிளாக் ஏஞ்சல்ஸின் 2006ஆம் ஆண்டு ‘பாஸோவர்’ இதற்கு விலக்கு. ஈராக்கில் போர் நடக்கும்போது அது வியட்நாமைப் பாடியது. பழைய ஒலி அங்கே அலங்காரமாக இல்லை, சாட்சியாக நின்றது. அந்தக் கனம் எல்லா இடத்திலும் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. பல்லடத்துக்குக் கிழக்கே விரியும் வறண்ட மேட்டுக்காட்டைப் பாட நினைக்கும் கோவைக் குழு ஒன்று, கலிபோர்னிய மணலைக் கற்பனை செய்வதற்கு முன்னால், உடுக்கைக்காரர் எந்த இடத்தில் அடியை நிறுத்திப் பேசத் தொடங்குகிறார் என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.