ஆட்டிசம்: ஒரு சொல்லின் வரலாறும் அதன் தமிழாக்கமும்

ஆட்டிசம் என்னும் கலைச்சொல்லுக்கு மதியிறுக்கம், புற உலகச் சிந்தனைக் குறைபாடு முதலிய ஆக்கங்கள் தமிழில் வழங்கி வருகின்றன. இவற்றுள் எது பொருந்தும் என்பதை அகராதியைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் இயலாது. குழந்தைகளுக்கு மனநோய்ப் பெயரிட்ட வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

தொடக்க நிலையில் அவ்வரலாறு பெரும்பாலும் கடன்பெற்ற வரலாறே. பெரியவர்களுக்குக் கிரெப்பெலின் வகுத்த 'முந்து சிதைவு' என்னும் நோய்ப்பெயரை 1906-இல் இத்தாலியரான தே சாங்க்டிஸ் 'மிகமுந்து சிதைவு' என நீட்டிக் குழந்தைகளுக்கு வழங்கினார். பெரியவருக்குத் தைத்த சட்டையை மடித்துக் குழந்தைக்கு அணிவித்தது போன்றதே இது. ஆட்டிசம் என்னும் சொல்லும் இவ்வழியே வந்தது. சுவிட்சர்லாந்தின் பிளாய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில், மனச்சிதைவு நோயாளி புற உலகினின்று விலகித் தன் அகவுலகில் ஆழ்தலை அச்சொல்லால் குறித்தார்.

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. கோட்பாட்டினும் விவரிப்பே அதன் வலிமை. தன்னைக் குறிக்க 'நீ' என்று கூறும் குழந்தை, பொருள்களின் ஒழுங்கு சிறிது மாறினும் கலங்கும் குழந்தை எனக் கண்டவற்றைக் கண்டவாறே அவர் பதிவு செய்தார். மனச்சிதைவு நோயாளி முன்பு பழகிய உலகினின்று விலகுகிறார். இக்குழந்தைகளிடமோ தொடக்கம் முதலே தனிமை காணப்படுகிறது என வேறுபடுத்தவும் செய்தார். பிளாய்லரின் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் உட்பொருளை மறுத்தார் எனலாம். ஆயினும் சொல்லே வென்றது. 1949-இல் அவரே, இந்நிலையை மனச்சிதைவினின்று என்றேனும் பிரிக்க வேண்டிவரும் எனத் தாம் கருதவில்லை என்று எழுதினார். அதே கட்டுரையில் பெற்றோரின் உணர்ச்சிக் குளிர்ச்சியையும் சுட்டினார். பெட்டல்ஹைமின் 1967-ஆம் ஆண்டு நூல் வரை அப்பழியைச் சுமந்தோர் பெரிதும் தாய்மாரே.

1968-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் இரண்டாம் பதிப்பில் இந்நிலைக்குத் தனிப்பெயர் இல்லை; குழந்தைப்பருவ மனச்சிதைவே இருந்தது. 1971-இல் இங்கிலாந்தில் கோல்வின் குழுவினர், 3 வயதுக்கு முன் தோன்றும் நிலையையும் மாயப்புலனுணர்வோடு பிற்காலத்தில் தோன்றும் நோயையும் வேறுபடுத்திக் காட்டினர். கையேட்டின் மூன்றாம் பதிப்பு 1980-இல் ஆட்டிசத்தை வளர்ச்சிசார் நிலைகளுள் வைத்தது. 1971-இல் தொடங்கிய ஆய்விதழ் ஒன்று, 1979-இல் தன் பெயரிலிருந்த 'குழந்தைப்பருவ மனச்சிதைவு' என்பதை 'வளர்ச்சிக் குறைபாடுகள்' என மாற்றிக்கொண்டது. ஓர் இதழின் அட்டையிலேயே அக்கால மாற்றத்தைக் காணலாம்.

தமிழாக்கங்களுக்கு வருவோம். 'புற உலகச் சிந்தனைக் குறைபாடு' என்பது பிளாய்லரின் 1911-ஆம் ஆண்டுப் பொருளையே மீட்டுத் தருகிறது. மருத்துவம் கைவிட்டதைத் தமிழ் உறையவைத்துள்ளது. 'மதியிறுக்கம்' செறிவான ஆக்கமே எனினும், மதி என்றதும் அறிவுத்திறனே நம் ஆசிரியர் மனத்தில் தோன்றும். அவ்வாறு பெயரிடப்பட்ட மாணவன் கற்க இயலாதவன் என்னும் முடிவு, அவனைப் பார்க்குமுன்பே வந்துவிடுகிறது. தூய தமிழாக்கத்தை விரும்புவோர்க்கு உவப்பாக இராது எனினும், ஆசிரியர் கையேடுகளில் 'ஆட்டிசம்' என்றே எழுதி, 'சமூகத் தொடர்பாடலிலும் நடத்தை ஒழுங்கிலும் வேறுபடும் வளர்ச்சி நிலை' என ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே தக்கது என்பது நம் கருத்து.