இம்மி என்னும் எண்ணும் சொல்லும்

‘இம்மி’ என்பதற்கு 21,50,400இல் ஒரு கூறு எனப் பொருள் எழுதி, அப்பொருளையே நாலடியாரின் ஈகை அதிகாரத்தில் அரிசியை அடுத்து வரும் ‘இம்மி’க்கும் ஏற்றுவார் உளர். எண் பெரிதாயிருத்தலின் பொருளும் நுட்பமாயிற்று எனக் கருதினர் போலும். அவ்வெண் எவ்வாறு அமைந்தது என்பதை அவர் நோக்கிற்றிலர்.

மா 1/20; காணி 1/80; முந்திரி 1/320. முந்திரியை மேலும் 320 கூறு செய்யின் கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. இவ்வெண் 320இன் வர்க்கம். 2ஐப் பன்னிரு முறையும் 5ஐ இரு முறையும் பெருக்கப் பிறப்பது. வேறு பகா எண் இதனுள் இல்லை. பாதியும் காலும் ஐந்தில் ஒன்றுமாக நெல்லையும் நிலத்தையும் பகுத்தார் கைக்கணக்கு இஃது என்பது வெளிப்படை.

இம்மியோ பரவலாக வழங்கும் வாய்பாட்டின்படி கீழ்முந்திரியின் 21இல் ஒன்று. ஈண்டு 3உம் 7உம் முதன்முறையாகப் புகுகின்றன. வர்க்கத் தன்மையும் அழிகின்றது. முன்னதற்கு வகுத்திகள் 39, இதற்கு 156. பண்டைக் கிரேக்கர் எண்களை நிறை எண், குறை எண், மிகை எண் எனப் பகுத்த முறையில் இரண்டும் மிகை எண்களே. அப்பகுப்பு இவ்வேற்றுமையைக் காட்டாது. பகாக் காரணிகளே காட்டும்.

மூன்றில் ஒன்றைக் கீழ்முந்திரியால் மிச்சமின்றிச் சொல்லல் இயலாது. இம்மியால் 7,16,800 எனச் சொல்லலாம். ஏழில் ஒன்று 3,07,200 இம்மி. ஆதலின் 21 பயன் கருதியே கொள்ளப்பட்டது என ஒருவர் தடை நிகழ்த்தலாம். தடை வலிதே, யாமும் அதனை எளிதில் தள்ளோம். ஆயின் இம்மியின் 11இல் ஒன்று மும்மி. அதன் 7இல் ஒன்று அணு. மேலும் இறங்கின் விந்தத்தின் 17இல் ஒன்று நாகவிந்தம். பதினேழாகக் கூறிட்டு நெல் அளந்த களம் யாண்டுளது? முந்திரி வரையுள்ளது வழக்கின் கணக்கு. இம்மி முதலாயின கணக்காயர் மதிப் பயிற்சி. இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாகக் கொள்ளல் பொருந்தாது.

அவ்வாய்பாட்டின் பிற பெயர்களை நோக்குக. கதிர்முனை, நுண்மணல், தேர்த்துகள் யாவும் கண்ணாற் காணும் நுண்பொருள்கள். பொருளின் பெயரே எண்ணிற்கு ஆகி வந்தது; எண்ணின் பெயர் பொருளுக்கு ஆகவில்லை. இம்மியும் அவ்வாறே என்க.

செய்யுளினுள்ளும் இதற்குச் சான்றுண்டு. பின்னம் எனின் முழுமை ஒன்று வேண்டும். நாழி, மரக்கால் என யாதொரு முகத்தலளவும் அப்பாட்டிற் குறிக்கப்படவில்லை. நாள்தோறும் தம்மால் இயன்றதைக் கொடுத்துப் பின் உண்க என்பதே அங்குள்ள அறிவுரை. கொடுப்பது எத்துணைச் சிறிதாயினும் ஏற்பவன் கையில் விழுதல் வேண்டும். ஓர் அரிசியின் 21,50,400இல் ஒரு கூற்றை எவன் கொடுப்பான், எவன் ஏற்பான்? புல்லரிசி என்றோ மிகச் சிறிய அரிசி என்றோ கொள்வார் உரையே அவ்விடத்திற்கு ஏற்புடைத்து.